எண்ணெய்த் திருநாளும் ஓட்டையில்லா டோனட்டும்: வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பலகாரத்தின் வரலாறு

யூதர்களின் ஹனுக்காத் திருநாள் எபிரேய நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள் கொண்டாடப்படுவது. பெரும்பாலும் அது டிசம்பர் மாதத்தில் வரும். அதற்குப் பல வாரங்கள் முன்பே இஸ்ரேலின் அடுமனை வாசல்களில் பழக்கூழ் நிரப்பி, பொடித்த சர்க்கரை தூவிய, நடுவில் ஓட்டையில்லாத ஒருவகை டோனட் அடுக்கி வைக்கப்பட்டுவிடும். சுஃப்கானியா என்பது அதன் பெயர். பலவாகச் சொன்னால் சுஃப்கானியோத். இன்று உலகின் பல நாடுகளிலும் உள்ள யூத இல்லங்களில் அதை வீட்டிலேயே செய்து பார்ப்பது ஒரு பருவகால ஆர்வமாகியிருக்கிறது. அடுப்பில் பொரிப்போரும் உண்டு. எண்ணெய்க்கு அஞ்சி அவனில் சுட்டெடுப்போரும் உண்டு. சமையல் குறிப்பு எழுதுவோர் பலர் இதைப் பாட்டிமார் காலத்து வீட்டு மரபு என்றே அறிமுகம் செய்கின்றனர்.

வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஹனுக்காவில் எண்ணெயில் பொரித்ததை உண்ணும் வழக்கம் தொன்மையானது, அதில் ஐயமில்லை. ஆயின் பழக்கூழ் நிரப்பிய இந்த உருண்டை அத்திருநாளின் முதன்மைப் பலகாரமாக உயர்ந்ததற்குக் காரணம், அதை வீட்டில் செய்வது கடினம் என்பதே.

திருநாளின் தோற்றத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வது பயன்தரும். சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தில் கிரேக்க வழிபாட்டைத் திணித்தான். மக்கபேயர் கிளர்ந்தெழுந்து ஆலயத்தை மீட்டு, கி.மு. 164இல் மீண்டும் அர்ப்பணித்தனர். ஒருநாள் எரிவதற்கே போதுமான தூய எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்தது என்ற அற்புதக் கதை மக்கபேயர் நூல்களில் இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூதில்தான் காணக்கிடைக்கிறது. போர் வெற்றியின் விழாவாகப் பிறந்தது எண்ணெயின் விழாவாக உருமாறிய பிறகே பொரித்த பலகாரத்துக்கு அதில் பொருள் உண்டாயிற்று.

பலகாரத்தின் பெயரும் பழமையானது. எபிரேயத்தில் 'ஸ்ஃபோக்' என்றால் கடற்பஞ்சு. கிரேக்கத்தின் 'ஸ்போங்கோஸ்', அரபியின் 'இஸ்ஃபஞ்ச்' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். பஞ்சுபோல் உப்பும் மாவுப் பண்டத்தை 'சுஃப்கானின்' என்று மிஷ்னா குறிப்பிடுகிறது. அங்கே திருநாளைப் பற்றிய பேச்சில்லை. பிசைந்த மாவில் ஆசாரியனுக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கும் கடமை எந்தெந்த மாவுக்குப் பொருந்தாது என்ற பட்டியலில்தான் அச்சொல் வருகிறது. பொரித்த பஞ்சுப் பண்டத்தையும் ஹனுக்காவையும் வெளிப்படையாக இணைக்கும் பழைய குறிப்பு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெய்யியலாளர் மைமோனிடிஸின் தந்தையும், ஸ்பெயினின் கொர்தோபா நகரில் நீதிபதியாக இருந்தவருமான மைமோன் பென் யோசேஃப் எழுதியதாகச் சொல்லப்படுவது அக்குறிப்பு. எந்த வழக்கத்தையும் அற்பமென்று தள்ளலாகாது என்று கூறும் அவர், அரபியில் 'ஸ்ஃபின்ஜ்' எனப்படும் பண்டத்தை ஹனுக்காவில் செய்யும் வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே தெருவில் உண்ட பண்டம் அது. ஈரமான, கையில் ஒட்டும் மாவு. மாவு, நீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் தவிர வேறொன்றுமில்லை. நீர் தொட்ட கையால் ஒரு பிடி கிள்ளி, விரலால் நடுவே துளையிட்டு, இழுத்து, காயும் எண்ணெயில் விட வேண்டும். தேனில் தோய்த்தோ சர்க்கரையில் புரட்டியோ சூடு ஆறுமுன் உண்ண வேண்டும். ஆறினால் தோல்போல் இழுபடும். வடை தட்டிப் பழகிய எவருக்கும் ஒரே நாளில் கைவந்துவிடும்.

பழக்கூழ் உருண்டை இந்த வழியில் வந்ததன்று. அதன் பிறப்பிடம் ஜெர்மானிய நிலம். அதன் முதல் விழா கிறிஸ்தவ விழா. 1485இல் நியூரம்பெர்க் நகரில் அச்சான 'கூஷென்மைஸ்டெரை' என்னும் சமையல் நூல், நிரப்பிய கிராப்ஃபென் செய்முறையைத் தருகிறது. இரண்டு மாவு வட்டங்களுக்கிடையே பூரணம் வைத்து, ஓரத்தை ஒட்டிப் பொரிப்பது அது. இயேசுவின் பாடுகளை நினைந்து நாற்பது நாள் நோன்பிருக்கும் தவக்காலத்துக்கு முன், வீட்டிலுள்ள கொழுப்பையும் முட்டையையும் தீர்த்துவிடும் கொண்டாட்ட நாட்களில் ஐரோப்பியர் இவ்வகைப் பண்டங்களைச் செய்தனர். கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பு சர்க்கரையின் விலையைக் குறைக்க, பூரணம் மெல்ல மெல்ல இனிப்பானது. போலந்தில் இதன் பெயர் 'போஞ்ச்கி'. தவக்காலத்துக்கு முந்தைய வியாழனை அந்நாட்டார் 'கொழுத்த வியாழன்' என்றழைத்து, இன்றும் அதை வயிறார உண்கின்றனர்.

அண்டை வீட்டாரின் இப்பண்டத்தைப் போலந்து யூதர்கள் எடுத்துக்கொண்டபோது ஒரு தடை குறுக்கிட்டது. கிறிஸ்தவர்கள் அதைப் பன்றிக் கொழுப்பில் பொரித்தனர். யூத நெறியில் அது விலக்கு. குளிர்காலத்தில் கொழுக்கவைத்த வாத்தின் கொழுப்பை உருக்கி அவர்கள் பயன்படுத்தினர். இறைச்சியையும் பாலையும் ஒருங்கே உண்ணலாகாது என்பதால், அத்தகைய உருண்டையின் மாவில் பாலோ வெண்ணெயோ சேர்க்க இயலாது. நெறி ஒன்றானாலும் கையில் கிடைக்கும் கொழுப்பு இடத்துக்கு இடம் மாறும். பலகாரமும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

ஆனால் அன்று போலந்து, ரஷ்ய நிலங்களின் யூத வீடுகளில் ஹனுக்கா என்றதும் நினைவுக்கு வந்தது இந்த உருண்டையன்று. உருளைக்கிழங்கைத் துருவி, நீரைப் பிழிந்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்துத் தட்டையாகப் பொரித்த 'லாட்கே'தான். அதுவும் மிகப் பழமையானதென்று எண்ணிவிட வேண்டா. உருளைக்கிழங்கு அந்நிலங்களில் ஏழைகளின் உணவாகப் பரவியது 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆயினும் அது முழுக்க முழுக்க வீட்டுப் பலகாரம். ஒரு துருவி, ஒரு வாணலி, ஒரு பெண்ணின் கை, இவ்வளவு போதும்.

பழக்கூழ் உருண்டையோ பலவற்றைக் கேட்கும். ஈஸ்ட் சேர்த்த மாவு கதகதப்பான இடத்தில் இருமுறை உப்ப வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்வதால் மாவு கனத்து, உப்புவதற்கு நேரம் பிடிக்கும். எண்ணெய் மிகுதியாக உறிஞ்சப்படாமலிருக்க ஒரு கரண்டி பிராந்தியோ வோட்காவோ ஊற்றிப் பிசைவது பழைய வழக்கம். எண்ணெயின் சூடு 170 முதல் 180 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். கூடினால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும்; குறைந்தால் எண்ணெயைக் குடித்துக் கனக்கும். அதிரசம் சுட்டவர்களுக்கு இந்த இரண்டு துன்பமும் புதிதல்ல. நன்றாக உப்பிய உருண்டை எண்ணெயில் பாதி மூழ்கிப் பாதி மிதக்கும். திருப்பிப் போட்டால் இடுப்பைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று எஞ்சும். அந்த வளையமே கைத்திறனின் சான்று என்பது வியன்னா, பவேரியா அடுமனைக்காரர்களின் அளவுகோல். வீட்டு வாணலியில் நான்கு உருண்டை இட்டதும் எண்ணெய் குளிர்ந்துவிடும். அடுமனையின் பெருங்கொப்பரையில் எண்ணெயின் அளவே சூட்டைக் காக்கும். ஆகவே இப்பண்டம் இயல்பாகவே கடையின் பக்கம் சாய்ந்தது.

இந்தச் சாய்வை ஒரு தொழிற்சங்கம் கண்டுகொண்டது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில் 1920இல் ஹைஃபா நகரில் நிறுவப்பட்டது யூதத் தொழிலாளர் பேரமைப்பான ஹிஸ்தத்ரூத். சங்கம் என்ற சொல் அதற்குச் சிறியது. வேலைவாய்ப்பகம், மருத்துவ நிதி, கட்டுமான நிறுவனம், கூட்டுறவுக் கடை எனப் பலவற்றையும் அது நடத்தியது. 1924 முதல் போலந்திலிருந்து சிறுவணிகக் குடும்பங்கள் பெருமளவில் டெல் அவிவில் வந்து குடியேறின. அவர்களோடு போலந்தின் அடுமனைச் சுவையும் வந்தது. 1926, 1927ஆம் ஆண்டுகளில் பொருளாதாரம் சரிந்தது. நகரில் வேலையின்மை பெருகியது. வந்தவர்களில் பலர் திரும்பிச் சென்றனர். 1920களின் இறுதியில் ஹிஸ்தத்ரூத் ஹனுக்காவுக்குரிய பலகாரமாகச் சுஃப்கானியாவை முன்னிறுத்தியது என்று யூத உணவு வரலாற்றாளர் கில் மார்க்ஸ் தமது கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறார். காரணம் எளிது. லாட்கேயை எவரும் வீட்டில் செய்துகொள்வர். சுஃப்கானியாவுக்கு மாவு பிசைய ஒருவர், பொரிக்க ஒருவர், ஏற்றிச் செல்ல ஒருவர், விற்க ஒருவர் என யூதத் தொழிலாளர் பலர் தேவை. வேலை நெருக்கடியையும் இம்முடிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் காரியத்தின் தர்க்கம் விளங்கும். யூத முதலாளிகள் யூதரையே பணியமர்த்த வேண்டும் என்று அதே அமைப்பு வலியுறுத்திய காலமும் அதுவே. அரபுத் தொழிலாளர் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கணக்கில் சேராதவர் இன்னொருவரும் உண்டு. லாட்கே துருவும் பெண்ணின் உழைப்பு அங்கே 'வேலை' என்று எண்ணப்படவில்லை. மண்ணெண்ணெய்த் திரியடுப்பின் முன்னும் பிரைமஸ் அடுப்பின் முன்னும் எட்டு இரவுகள் நின்று பொரித்தவளின் நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஏறாததாலேயே அவளுடைய பலகாரம் பொருளாதாரத்துக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்டது. மறுபுறம், கடையில் வாங்கும் வசதி அவளுக்கு ஓய்வையும் தந்திருக்கும். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் எது திருநாள் மரபு என்பது சமயநூலிலோ வீட்டு அடுப்படியிலோ தீர்மானிக்கப்படாமல் வேலைவாய்ப்புக் கணக்கில் தீர்மானிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. மரபு என்று நம்பப்படுபவற்றுள் இத்தகையவை குறைவல்ல. தீபாவளிக்குக் கடை இனிப்புப் பெட்டி கட்டாயமானதன் வரலாற்றை எவரேனும் எழுதினால், அங்கும் இப்படியொரு கணக்கு தென்படக்கூடும்.

1948க்குப் பின் மொராக்கோவிலிருந்து பெருந்திரளாக வந்த யூதர்கள் ஸ்ஃபின்ஜைத் தம்முடன் கொண்டுவந்தனர். தகரக் கொட்டகைகளும் கூடாரங்களுமாக நின்ற இடைக்கால முகாம்களில் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 1949 முதல் பத்தாண்டுகள் நாட்டில் பங்கீட்டு முறை நிலவியது. எண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் அளந்தே கிடைத்தன. முட்டையோ பூரணமோ கேட்காத ஸ்ஃபின்ஜ் அத்தகைய வீட்டுக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் அரசும் பள்ளியும் கடையும் ஐரோப்பிய உருண்டையையே ஹனுக்காவின் அடையாளமாகக் காட்டின. மைமோன் பென் யோசேஃபின் குறிப்போடு நேரடி உறவுடைய ஸ்ஃபின்ஜ் 'மொராக்கோக்காரர் பண்டம்' எனச் சிறுத்துப்போக, கார்னிவல் விழாவிலிருந்து வந்த உருண்டை பொது மரபாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஸ்ஃபின்ஜ் மதிப்புடன் மீண்டு வந்திருக்கிறது. ஆயினும் அது பெரிதும் உயிரோடிருப்பது வீடுகளில்தான்.

சரி, அவனில் சுடுவது? ஹனுக்காவின் பொருள் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெயில் மூழ்காத டோனட், இனிப்பு பன்னின் உறவினர் மட்டுமே என்பது மரபாளர் கூற்று. அதில் நியாயம் உண்டு. ஆயினும் டோனட் தட்டில் மாவை வார்த்து அவனில் வைப்பதால் கொதியெண்ணெயின் அருகே குழந்தைகளை விட அஞ்சும் வீட்டிலும் அவர்கள் மாவில் கை வைக்க முடிகிறது. சிலர் சுட்டபின் மேலே எண்ணெய் தடவித் திருநாளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர்! கடைக்குப் போய்விட்ட ஒன்றை வீட்டுக்கு இழுத்துவரும் முயற்சி என்ற அளவில், இந்தச் சுட்ட டோனட்டும் வரலாற்றில் இடம்பெறத் தகும்.

இந்த எண்ணெய்த் திருநாளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு, அது வியப்புக்குரியது. மராட்டியத்தின் கொங்கண் கரையில், அலிபாக்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்ந்த யூதர்கள் பெனே இஸ்ரேல் எனப்படுவோர். அவர்களுடைய குலத்தொழில் செக்காட்டி எண்ணெய் எடுப்பது. சனிக்கிழமை ஓய்வுநாளில் செக்கைப் பூட்டமாட்டார்கள். ஆகவே அயலார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தனர். எண்ணெயே வாழ்வாக இருந்த அவர்களுக்கு எண்ணெயின் திருநாளான ஹனுக்கா தெரியாது!

தம் சமூகத்தின் வரலாற்றை எழுதிய ஹயீம் சாமுவேல் கெஹிம்கர், அவர்கள் மராட்டிப் பெயரிட்டுக் கொண்டாடிய விழாக்களை விவரிக்கிறார். புத்தாண்டுக்கு 'நவ்யாச்சா சண்', கதவடைத்து நோன்பிருக்கும் பாவநிவர்த்தி நாளுக்கு 'தார்ஃபால்னிச்சா சண்', ஹோலியையொட்டி வரும் பூரிமுக்கு 'ஹோலிச்சா சண்' என்றெல்லாம் பெயருண்டு. ஹனுக்காவுக்குப் பெயரில்லை. மக்கபேயர் எழுச்சிக்கு முன்பே, ஏறத்தாழ கி.மு. 175இல், தம் முன்னோர் கடல் கடந்து வந்துவிட்டதே இதற்குக் காரணம் என்று கெஹிம்கர் வாதிட்டார். ஒரு விழா இல்லாமையைக் கொண்டு ஆண்டைக் கணிப்பது வலுவான முறையன்று. நெடுங்காலம் தனித்து வாழும் சமூகம் தெரிந்த விழாவையும் மறக்கக்கூடும். எத்தியோப்பிய யூதர்களிடமும் ஹனுக்கா இல்லை. ஆயினும் கொச்சியிலிருந்து சென்ற ஆசிரியர்கள் வழியாகவும் பிற யூதர்களின் தொடர்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில்தான் அவர்கள் இவ்விழாவைக் கற்றனர் என்பது தெளிவு. பம்பாயில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்தது 1796இல்.

கற்பித்த கொச்சி யூதர்களின் ஹனுக்காப் பலகாரம் நெய்யப்பம். மலையாள நாட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் விழாவுக்குச் சுடும் அதே பண்டம். யூத வீட்டில் முந்திரியும் உலர்பழமும் கூடுதலாகச் சேர்வதுண்டு. போலந்தில் வாத்துக் கொழுப்பு செய்த வேலையைக் கொச்சியிலும் கொங்கணிலும் தேங்காய் செய்தது: இறைச்சி உணவோடு பால்பொருள் சேராது என்ற நெறிக்குத் தேங்காய்ப்பாலே துணைநின்றது. கொல்கத்தாவுக்கு வழி வேறு. 1798இல் அந்நகரில் குடியேறிய ஷாலோம் கொஹேனைத் தொடர்ந்து வந்த பாக்தாதி யூதர்களின் மரபில் ஹனுக்காவுக்குரியது 'ஸெங்கூலா'. புளித்த மாவைச் சுழித்துச் சுழித்து எண்ணெயில் பிழிந்து, பாகில் ஊறவைப்பது. அரபுச் சமையல் நூல்களில் 10ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்ற 'ஸலாபியா'வின் வழித்தோன்றல் அது. அதே ஸலாபியா இந்தியாவுக்கு முன்னரே வந்து ஜிலேபியாகிவிட்டிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் சமண நூலொன்றில் ஜிலேபி குறிப்பிடப்படுவதைப் புணே நகரின் ஆய்வறிஞர் பி. கே. கோடே எடுத்துக்காட்டியிருக்கிறார். பாக்தாதிலிருந்து வந்த குடும்பம் தன் திருநாள் பலகாரத்தைக் கொல்கத்தாத் தெருமுனையில் ஏற்கெனவே பொரிந்துகொண்டிருக்கக் கண்டிருக்கும்.

1950களிலும் 60களிலும் பெனே இஸ்ரேலரில் மிகப் பலர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் ஒரு பெரும்பகுதியினர் சென்று சேர்ந்தது நெகேவ் பாலைவனத்தில் 1955இல் நிறுவப்பட்ட டிமோனா. அவ்வூரின் முதல் குடியேறிகள் மொராக்கோ யூதர்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரரின் பேரப்பிள்ளைகளும் ஸ்ஃபின்ஜ் பொரிப்போரும் அங்கே அண்டை வீட்டார். இருவரும் கடையில் கண்டது போலந்து வழிவந்த பழக்கூழ் உருண்டை. 'சிறிய இந்தியா' என்ற பட்டப்பெயர் பெற்ற அவ்வூரின் இந்தியக் கடைகளில் இன்று ஜிலேபியும் விற்கிறது.